ஆண்டில் பாதி நாள் சாலையில் இருந்தவரை "அன்பான கணவர்" என்று எழுதலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 3

"உங்கள் தந்தையைப் பற்றிய நினைவுக் குறிப்பைப் படித்தேன். 34 ஆண்டுகள் லாரி ஓட்டினார் என்று ஒரு வரி. அன்பான கணவராக வாழ்ந்தார் என்று அதற்கடுத்த வரி. இரண்டும் ஒரே மனிதருக்குப் பொருந்துமா? மாதத்தில் பாதிக்கு மேல் வீட்டில் இல்லாதவரின் அன்பை வீட்டில் இருந்தவர்கள் எதைக் கொண்டு அளந்தார்கள்? இறந்தவர் எல்லோருக்கும் ஒட்டப்படும் அடைமொழிதானே இது?"

பிப்ரவரி 3, இரவு

படித்தவுடன் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்பா நெடுந்தூர லோடு ஓட்டியவர். மாதத்துக்குச் சராசரியாக 18 இரவுகள் கேபினிலேயே கழிந்திருக்கும். 34 ஆண்டுகளுக்கு அது 7,344 இரவுகள். மொத்தம் 12,410 இரவுகளில் வீட்டுக்குக் கிடைத்தவை ஐயாயிரத்துச் சொச்சம். எண்ணிக்கை உங்கள் பக்கம்தான் பேசுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வருவதாகச் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து நிற்பவர் அவர். வியாழக்கிழமை வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனால், புதன்கிழமை மாலையே ஏர் பிரேக்கின் காற்று புஸ்ஸென்று வெளியேறும் ஓசை வாசலில் கேட்கும். ஒருவர் தம் மனைவியை ஆண்டுக்கணக்காக இப்படி மகிழ்ச்சியில் திகைக்க வைத்தார் என்றால், அவரை அன்பான கணவர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 4, காலை

நேற்றைய பதிலில் சூடு கொஞ்சம் கூடிவிட்டது. அந்த அடைமொழியை நான் யோசித்து எழுதவில்லை என்பதே உண்மை. அப்பா போன மறுநாள், குறிப்பை உடனே தர வேண்டும் என்று கேட்டார்கள். கைக்கு வந்ததை எழுதிக் கொடுத்தேன்.

இரவு முழுவதும் பழைய நிழற்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் முகத்தில் ஒரு பாதி மற்றப் பாதியைவிடப் பத்து வயது மூத்ததாகத் தெரியும். ஜன்னல் பக்கத்துக் கன்னம் தடித்து, கோடு கோடாகச் சுருங்கியிருக்கும். 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வெளியானது. 28 ஆண்டுகள் வண்டி ஓட்டிய அவருக்கும் ஜன்னல் பக்கத்து முகம் மட்டும் அப்படி மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. புற ஊதாக் கதிர்களில் பி வகையைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது, ஏ வகை கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து தோலின் ஆழம்வரை இறங்குகிறது என்பதுதான் காரணம். அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டியபோது, "என்னைவிட இவர் நன்றாக ஓட்டியிருப்பார்போலத் தெரிகிறதே" என்றார்.

படங்களில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்கும் எல்லாப் படங்களிலும் அம்மா ஜன்னல் பக்கம் இல்லாத மறுபக்கத்திலேயே நிற்கிறார். ஒரு படத்தில்கூட இடம் மாறவில்லை. அப்பாவுக்குத் தம் தோற்றத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. நல்ல பாதியை மனைவிக்குக் காட்டினார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 4, மதியம்

எதனால் இறந்தார் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இதயம். நுரையீரல் என்று நீங்கள் நினைத்ததில் வியப்பில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகவே வகைப்படுத்தியது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, டிரிப் முடிந்து வந்தவர் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. வகைப்படுத்தலுக்காக அம்மா காத்திருக்கவில்லை.

பிப்ரவரி 6

அம்மாவிடம் என் கணக்கைப் படித்துக் காட்டினேன். தவறு என்றார். தவறுதான்.

34 ஆண்டுகளில் முதல் இரண்டு ஆண்டுகள் திருமணத்துக்கு முந்தையவை. கடைசி ஆறு ஆண்டுகள் அப்பா குறுகிய தூர வண்டிக்கு மாறி, ஒவ்வோர் இரவும் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆகவே மணமான பிறகு நெடுந்தூரம் ஓடியது 26 ஆண்டுகள். வெளியில் கழிந்தவை 5,616 இரவுகள். ஓய்வு பெற்ற பிறகு ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். அதையும் சேர்த்தால் மண வாழ்க்கை 38 ஆண்டுகள், 13,870 இரவுகள். அவற்றில் 8,254 இரவுகள் வீட்டில். லீப் நாட்களை விட்டுவிட்டேன். அவற்றை அம்மா வைத்துக்கொள்ளட்டும்.

எனவே தலைப்பில் இருக்கும் "பாதி நாள்" என்பது நெடுந்தூரம் ஓடிய காலத்துக்குக் குறைவு, மொத்த மண வாழ்க்கைக்கு அதிகம். இதைக் கண்டுபிடித்ததும் வெற்றி பெற்றவன்போல நிமிர்ந்து பார்த்தேன். அம்மா கேட்ட கேள்வி இது: "அவர் வீட்டில் இருந்த இரவுகளில் பாதி தூங்கியே போயிற்று. அதை எந்தப் பக்கத்தில் எழுதுவாய்?"

பிப்ரவரி 9

என்னிடம் ஒரு கதை இருந்தது. முதல் நாளே அதை எழுதியிருந்தால் விவாதம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இப்போது எழுதுகிறேன், முடியுமா என்று தெரியவில்லை.

நான் சிறு பிள்ளையாக இருந்தபோது, அவர்களுடைய திருமண நாளுக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காக அப்பா ஏறத்தாழ 19 மணி நேரம், வழியில் முகம் கழுவ மட்டும் நிறுத்தி, ஓட்டிக்கொண்டு வந்தார். விடியற்காலையில் கதவைத் தட்டினார். கண்கள் சிவந்திருந்தன, முகம் நிறையச் சிரிப்பு. இந்தக் கதையை நான் பள்ளியில்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நான் எப்போதும் விட்டுவிட்டது இதன் மறுபாதியை. அம்மா கதவைத் திறந்ததும் கேட்டது, "கடைசியாக எப்போது தூங்கினீர்கள்?" என்பது மட்டுமே. அவர் பதில் சொன்னதும் அம்மா உள்ளே போய்விட்டார். இரண்டு நாட்கள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது சொன்னது இது: "வந்து சேர்ந்ததற்காக நான் மகிழ வேண்டும் என்றால், வராமல் போயிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?"

அம்மாவின் கோபத்தில் இருந்த நியாயத்துக்குப் பிற்காலத்தில் எண்களும் கிடைத்தன. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997-இல் ஓர் ஆய்வு காட்டியது. அப்பா வாழ்நாளில் மதுவைத் தொடாதவர். ஆனால் அந்த விடியற்காலையில் அவர் ஓட்டிக்கொண்டு வந்ததும் குடித்தவர் ஓட்டியதும் ஏறத்தாழ ஒன்றுதான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1979-இல் நிறைவேற்றிய 153-ஆவது உடன்படிக்கை, ஓய்வில்லாமல் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தத்தில் ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கும் மேல் ஓட்டக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் 10 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு வேண்டும் என்கிறது. அதை ஏற்று ஒப்பமிட்ட நாடுகள் மிகச் சிலவே. அப்பா வேலை பார்த்த இடத்தில் அப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொன்னதில்லை. லோடு எப்போது சேரும் என்பது மட்டுமே அங்கே கேள்வி.

அம்மா தன் உடன்படிக்கையைத் தானே எழுதினார். தூக்கம் வந்தால், வீடு இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தாலும், வண்டியை ஓரம்கட்டித் தூங்க வேண்டும். படுப்பதற்கு முன் தொலைபேசியில் இரண்டு மணி அடித்துவிட்டு வைத்துவிட வேண்டும். கைப்பேசி இல்லாத காலம் அது. இரண்டு மணி என்றால் நலம், இன்று வரமாட்டேன் என்று பொருள். எடுத்துப் பேசினால் காசு, எடுக்காவிட்டால் இல்லை. அந்த இரண்டு மணி ஓசை எனக்குச் சிறு வயதில் எவ்வளவு வெறுப்பாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், ஆனாலும் இன்று வரமாட்டார் என்ற செய்தி அது. அம்மாவோ அந்த ஓசை கேட்ட பிறகுதான் விளக்கை அணைப்பார்.

அப்பா ஒரே ஒருமுறைதான் அந்த விதியை மீறினார் என்கிறார் அம்மா. எப்போது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

பிப்ரவரி 10

"அப்படியானால் அன்பு முழுவதும் உங்கள் அம்மாவுடையதுதானே, உங்கள் அப்பா கீழ்ப்படிந்தவர் மட்டும்தானே" என்று அதே வாசகர் எழுதியிருக்கிறார். வீடு இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும்போது வண்டியை நிறுத்திவிட்டுக் கேபினில் படுத்துப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

பிப்ரவரி 14

முதல் நாள் எழுதியதில் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

அப்பா சொன்ன நாளுக்கு முன்னதாக வந்து அம்மாவைத் திகைக்க வைத்தார் என்று எழுதினேன் அல்லவா? அம்மா சிரித்துவிட்டார். அப்பா முன்னதாக வரவே இல்லையாம். நாளைத்தான் தள்ளிச் சொன்னாராம். வண்டி புதன்கிழமை வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் வழியில் டயர் வெடிக்கலாம், எடைமேடையில் வரிசை நீளலாம், லோடு இறக்க ஆள் இல்லாமல் ஒரு பகல் வீணாகலாம். புதன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால் அந்த ஓர் இரவை அம்மா எப்படிக் கழிப்பார் என்று எண்ணி, எப்போதும் ஒரு நாளைக் கூட்டியே சொல்லியிருக்கிறார். அதில் பொய் உண்டு, அதை மறுக்கவில்லை.

அம்மாவுக்கு இது முதல் ஆண்டிலேயே புரிந்துவிட்டது. அதன் பிறகு அவர் வியாழன் என்று சொன்னால் அம்மா புதன்கிழமைக்கே ஆயத்தமாகிவிடுவார், கதவைத் திறக்கும்போது மட்டும் "இன்றைக்கே வந்துவிட்டீர்களா!" என்று வியப்பார். 26 ஆண்டுகள் ஒருவர் நாளைத் தள்ளிச் சொன்னார், மற்றவர் வியந்தார். உண்மையிலேயே தாமதமாகி வியாழன் அன்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "புதன்கிழமை முழுவதும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் சொன்ன நாளுக்குத்தானே வந்தார், எப்படிக் கோபித்துக்கொள்வது?" என்றார்.

ஆக, அவர் மிச்சப்படுத்த நினைத்த அந்த ஓர் இரவை அவரால் மிச்சப்படுத்த முடியவே இல்லை. இதை அவர் கடைசிவரை அறிந்திருக்கவில்லை என்பது அம்மாவின் கட்சி. எனக்கு அதில் ஐயம் உண்டு. சொன்ன நாளுக்கு முந்தைய நாளே அடுப்பு தயாராக இருந்ததைப் பார்த்த ஒருவருக்கு, அதுவும் டயரின் ஓசையிலேயே காற்றின் அளவைச் சொல்லிவிடும் ஒருவருக்கு, இது புரியாமலா இருந்திருக்கும்?

பிப்ரவரி 20

குறுகிய தூர வண்டிக்கு ஏன் மாறினார் என்று கேட்டிருக்கிறீர்கள். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு முடக்குவாதம் வந்தது. இரண்டு கைகளின் விரல் மூட்டுகளும் ஒன்றுபோல வீங்கும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காமல் விறைத்து நிற்கும். வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். நோயின் தொடக்கத்தில் அம்மாவால் பெரும்பாலான வேலைகளைச் செய்துகொள்ள முடிந்தது. அப்போதே அப்பா போய் நெடுந்தூர வண்டியை விட்டுவிட்டுக் குறுகிய தூரம் கேட்டார். வருமானம் குறைந்தது. அந்தத் தொழிலில் மதிப்பும் குறைந்தது; நெடுந்தூரம் ஓடியவர்கள் குறுகிய தூரம் ஓடுபவர்களைத் தெருச் சுற்றுகிறவர்கள் என்று கேலி பேசுவார்கள், அப்பாவே அப்படிப் பேசியிருக்கிறார். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் நெடுந்தூரம் ஓடியிருக்கலாமே, இப்போது என்ன அவசரம் என்று நானும் கேட்டேன்.

அவர் சொன்ன பதில் முழுக்க முழுக்க ஓட்டுநரின் பதில். கனத்த லோடோடு மலை இறங்கும்போது, ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ ஏறத்தாழ அதே கியரில் இறங்க வேண்டும். அந்த கியரை உச்சியிலேயே போட்டுவிட வேண்டும். இறக்கம் பிடித்த பிறகு கீழ் கியருக்கு மாற்ற முயன்றால் கியர் விழாது, வண்டி நியூட்ரலில் உருளத் தொடங்கிவிடும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடேறி விரியும், அதை உரசி நிறுத்தும் லைனிங்கின் பிடி தளரும், கடைசியில் மிதிக்க மிதிக்க வண்டி நிற்காது. "இறக்கம் தெரிகிறது, இப்போதே மாற்றிவிடுகிறேன்" என்றார். வேறு விளக்கம் தரவில்லை. அவர் கணித்தபடியே அடுத்த ஆண்டுகளில் நோய் முற்றியது; அவர் ஏற்கெனவே காலை நேரங்களில் வீட்டில் இருந்தார்.

காலை நேரம் என்பது முக்கியம். அம்மாவின் விரல்கள் வேலை செய்யாத நேரம் அது; அம்மாவுக்கு நீண்ட தலைமுடி. 28 ஆண்டுகள் தார்ப்பாய் கட்டிய கைகளால் அப்பா பின்னல் போடத் தொடங்கினார். லாரிக்காரர்கள் தார்ப்பாய் கட்டப் போடும் முடிச்சு ஒன்று உண்டு. கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, முனையைக் கொக்கியில் மாட்டி, அந்தக் கண்ணிக்குள் திரும்ப நுழைத்து இழுத்தால், இழுக்கும் வலு ஏட்டளவில் மும்மடங்காகும். உராய்வில் ஒரு பகுதி போய்விடும் என்றாலும், வெறும் கையால் இறுக்குவதைவிட அது நன்றாகவே இறுகும். முதல் பின்னலை அப்பா அந்தப் பழக்கத்திலேயே இறுக்கினார். அம்மாவின் புருவங்கள் மேலே ஏறி நின்றன. அன்று முழுவதும் நெற்றி வலித்தது. "லோடு எங்கேயும் விழாது" என்று அப்பா சொன்னதையும், சிரித்தால் இன்னும் வலிக்கிறது என்று அம்மா சிரிக்காமல் உட்கார்ந்திருந்ததையும் நான் நேரில் பார்த்தேன்.

ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள், குறுகிய தூரம் ஓடிய ஆறும் ஓய்வுக்குப் பிந்தைய ஆறும், காலை எட்டு மணிக்குள் பின்னல் முடிந்துவிடும்.

பிப்ரவரி 21

"28 ஆண்டுகள் ஓட்டிய இன்னொருவர் முதலில், 28 ஆண்டுகள் தார்ப்பாய் கட்டிய உங்கள் அப்பா பிறகு, எண்ணைப் பார்த்து எழுதுகிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். திருமணத்துக்கு முன் 2, பிறகு 26. கூட்டிப் பாருங்கள்.

மார்ச் 1

படங்களில் அம்மா எப்போதும் ஒரே பக்கம் நிற்பதைப் பற்றி எழுதியது நினைவிருக்கலாம். அப்பாவின் கர்வம் என்று சொன்னேன். பிறகு நானே வேறு காரணம் கண்டுபிடித்தேன்: திறந்த ஜன்னல் வழியாக வரும் காற்றிலும் இரைச்சலிலும் அந்தப் பக்கத்துக் காது மந்தமாகிவிட்டது, ஆகவே கேட்கும் காதின் பக்கம் அம்மா நின்றார். கண்டுபிடிப்பைப் பெருமையோடு அம்மாவிடம் கொண்டுபோனேன்.

அதுவும் இல்லையாம். காது நன்றாக இருந்த முதல் ஆண்டிலேயே இது தொடங்கிவிட்டது. கேபினில் ஓட்டுநரின் ஒரு பக்கம் ஜன்னல்; பேசுவதற்கு ஆள் இருந்தால் மறுபக்கத்தில்தான் இருப்பார். மனிதர்கள் அந்தப் பக்கத்தில்தான் இருப்பார்கள் என்று அப்பாவின் கழுத்துக்குப் பழகிப்போயிருந்தது. ஜன்னல் பக்கம் நடந்தால் அம்மா சொல்வதற்கெல்லாம் "ம்" கொட்டுவார். மறுபக்கம் நடந்தால் திரும்பிப் பார்த்துப் பேசுவார். "எனக்குத் திரும்பிப் பார்க்கிற கணவர் வேண்டியிருந்தது, அதனால் பக்கம் மாறிக்கொண்டேன்" என்றார் அம்மா.

அப்பா அம்மாவுக்காகச் செய்தவற்றைப் பட்டியலிடத்தான் இந்த இழையில் இறங்கினேன். ஒவ்வொன்றையும் தோண்டும்போது அடியில் அம்மா செய்த ஏதோ ஒன்று கிடைக்கிறது. கேள்வி கேட்ட வாசகரின் சந்தேகத்தில் ஒரு பகுதி சரி என்று இப்போது சொல்ல முடியும். அவர் கேட்ட கோணத்தில் அது சரியில்லை.

மார்ச் 8

நினைவுக் குறிப்பை மறுபடி அச்சிட வேண்டியிருந்தது. அடைமொழியை என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டேன். எடுத்துவிடச் சொன்னார். "34 ஆண்டுகள் லாரி ஓட்டினார். 38 ஆண்டுகள் மனைவியோடு இருந்தார். இவ்வளவு போதும்."

5,616 இரவுகளைக் கழித்துவிட்டால் 38 ஆண்டுகள் வராதே என்றேன், பாதி விளையாட்டாக.

"இரண்டு மணி அடித்த இரவுகளை நீ ஏன் கழிக்கிறாய்?" என்றார். அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 9

முடிச்சை விளக்கச் சொல்லி மூவர் எழுதியிருக்கிறீர்கள். எழுத்தில் விளக்கிப் பார்த்தேன்; என் விளக்கத்தைப் படித்து நானே கட்ட முடியவில்லை. தார்ப்பாய் கட்டும் யாரையாவது ஒருமுறை மெதுவாகக் கட்டச் சொல்லி அருகில் நின்று பாருங்கள். அப்பா எனக்கு இரண்டு முறை காட்டினார், நான் கவனிக்கவில்லை. இப்போது காலையில் அம்மாவுக்குப் பின்னல் போடுவது நான்தான். நெற்றி வலிக்கக் கூடாது என்று தளர்வாகப் போடுகிறேன்; மதியத்துக்குள் அவிழ்ந்துவிடுகிறது.